பள்ளத்து வீட்டாரின் புகார்: மழைநீரும் தோட்டக் காண்ட்ராக்டரும் குறித்த ஓர் ஆய்வு

1. நோக்கமும் களமும்

மேட்டு வீட்டில் பெய்த மழை பள்ளத்து வீட்டுப் பூஜை அறைக்குள் நுழைந்தால், பள்ளத்து வீட்டார் யாரைத் திட்டுவார்? நீரியல் அறிஞர்கள் இந்தக் கேள்வியைத் தொட்டதில்லை. நீர் எந்த வழியாகப் போகும் என்று கணிக்க அவர்களிடம் சூத்திரங்கள் உண்டு. புகார் எந்த வழியாகப் போகும் என்று கணிக்க ஒன்றும் கிடையாது. இக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

களம்: தென்சென்னையில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிச் சரியும் தெருக்களில் ஒன்று. காலம்: ஐப்பசி, கார்த்திகை. ஆய்வுக் கருவி: மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர். இதில் முழங்கையை ஊன்றிக்கொண்டால் இரு தரப்பு வாக்குமூலமும் தெளிவாகக் கேட்கும்.

2. மேடு உண்டான வரலாறு

இத்தெருவில் மேடு இயற்கையாக அமைந்ததல்ல. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை போட்டார்கள்; சாலை ஏற ஏற வீடுகள் தாழ்ந்தன. சுரண்டி எடுத்த பிறகே போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். அதற்குள் பள்ளத்து வீட்டின் வாசற்படிகளில் பாதி தாருக்கு அடியில் போயிருந்தன.

பக்கத்து மனையில் புது வீடு கட்டியவர் இந்த வரலாற்றை நன்கு கற்றவர். மனையை முதலிலேயே சாலைக்கு மேலே தூக்கிவிட்டார். பிறகு தோட்டம் போட ஒரு காண்ட்ராக்டரை அமர்த்தினார். லோடு லோடாகச் செம்மண் வந்து இறங்கியது. கொரியன் புல் பாய்போலச் சுருட்டி வந்தது. புல்லைச் சுற்றிக் கான்கிரீட் படுகையின் மேல் பேவர் பிளாக் பதித்தார்கள். வாட்டம் எந்தப் பக்கம் விடுவது என்ற கேள்வி எழுந்தபோது காண்ட்ராக்டர் காம்பவுண்டு சுவரைப் பார்த்தார். சுவரின் அடியில் ஒரு பழைய ஓட்டை இருந்தது. கேள்வி தீர்ந்தது.

3. கணக்கு

பள்ளத்து வீட்டார் மிகைப்படுத்துகிறாரா என்று சோதிப்பது ஆய்வாளரின் கடமை. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் சுமார் 22,300 லிட்டர். ஏறக்குறைய இரண்டு லாரித் தண்ணீர். சித்திரையில் இதே தெரு காசு கொடுத்து வாங்கி, வரிசையில் குடம் வைத்துக் காத்திருக்கும் அதே பொருள்தான் இது.

விழுவதெல்லாம் ஓடுவதில்லை. ஓடும் பங்கு எவ்வளவு என்பதற்கு, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அயர்லாந்துப் பொறியாளர் மல்வனி அடித்தளமிட்ட எளிய முறை இன்றும் உதவுகிறது: மழையின் வேகம், பரப்பு, தரையின் குணம் மூன்றையும் பெருக்க வேண்டும். புல் முளைத்த மண்தரை ஐந்தில் ஒரு பங்கை ஓடவிடும். பூசி இறுக்கிய தளம் ஐந்தில் நான்கு பங்கை ஓடவிடும். அதே 10 சென்டிமீட்டர் மழையில், இப்போது பேவர் பதித்திருக்கும் 600 சதுர அடியிலிருந்து முன்பு ஓடியது சுமார் 1,100 லிட்டர். இப்போது ஓடுவது சுமார் 4,450. நடுவில் உள்ள வித்தியாசமே பூஜை அறையில் நின்றது.

4. முன்னோர் கருத்துகள்

இத்துறையின் பழமை வியப்பளிப்பது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் ரோமானியப் பன்னிரு பலகைச் சட்டத்திலேயே மழைநீர் வழக்குக்கு இடமிருந்தது. நீர் தானாகச் சரிந்து வந்தால் தாழ்ந்த நிலத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும். மேட்டு நிலத்தார் எதையாவது கட்டி அதன் போக்கை மாற்றியிருந்தால் வழக்குப் போடலாம் என்பதாக அந்தச் சட்டம் வளர்ந்தது. வீட்டு நீர் சரியான சரிவில் வெளியேற வழி அமைக்காதவருக்குக் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் 54 பணம் அபராதம் விதிக்கிறது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டமும் மேட்டு நிலத்து நீர் இயற்கையாக இறங்குவதைத் தாழ்ந்த நிலத்தார் தடுக்கக் கூடாது என்கிறது. ‘இயற்கையாக’ என்ற சொல்லுக்குள் பேவர் பிளாக் அடங்காது என்பது இவ்வாய்வாளரின் பணிவான கருத்து.

காண்ட்ராக்டர் இடம்பெறும் மூல வழக்கு இங்கிலாந்தில் லங்காஷயரில் நடந்தது. ரைலண்ட்ஸ் என்ற ஆலை முதலாளி நீர்த்தேக்கம் ஒன்றை ஒப்பந்தக்காரர்களிடம் கொடுத்துக் கட்டினார். தோண்டும்போது பழைய சுரங்கக் குழிகள் தென்பட்டன; அவர்கள் அவற்றைச் சரியாக அடைக்கவில்லை. நீர் தேங்கியதும் குழி வழியே இறங்கி, பிளெட்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ரைலண்ட்ஸ் தனிப்பட்ட முறையில் கவனக்குறைவாக இருந்ததாகத் தெரியவரவில்லை. ஆனாலும் நீரைக் கொண்டுவந்து தேக்கியவரே பொறுப்பு என்று 1868இல் பிரபுக்கள் சபை தீர்த்தது.

ஆக, சட்டம் கைநீட்டுவது வீட்டுக்காரரை. தெரு கைநீட்டுவதோ காண்ட்ராக்டரை. இந்த முரண்பாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் மையம்.

5. புகார் பாயும் விதிகள்

முதல் விதி: நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாயும், புகார் பள்ளத்திலிருந்து மேட்டுக்குப் பாயும்.

இரண்டாம் விதி: மேட்டு வீட்டு கேட்டை அடைந்ததும் புகார் திசை மாறும். பள்ளத்து வீட்டார் குடையும் ஆத்திரமுமாகத்தான் கிளம்பினார். கேட்டைத் திறந்த மேட்டு வீட்டம்மா, “வாங்கண்ணா, நனையுறீங்களே, உள்ள வாங்க” என்றார். அடுத்து பள்ளத்து வீட்டார் சொன்னது: “உங்களைச் சொல்லலைம்மா. அந்தக் காண்ட்ராக்டர் பண்ண வேலையைப் பாருங்க.” மேட்டு வீட்டம்மாவும் உடனே, “அதையேன் கேக்கறீங்க, எங்க பணத்தையும்தான் முழுங்கினான்” என்றார். இருவரும் ஒரு கட்சியாயினர்.

மூன்றாம் விதி: திசை மாறிய புகார், அங்கே இல்லாதவர் மீதே போய்ச் சேரும். காண்ட்ராக்டர் அப்போது இரண்டு தெரு தள்ளி வேறொரு மனையில் செம்மண் இறக்கிக்கொண்டிருந்தார்.

6. தற்காப்பு வாதங்களின் வகைப்பாடு

செல்போனில் பிடித்தபோது காண்ட்ராக்டர் வரிசையாக வைத்த வாதங்கள் மூன்று. ஒன்று, வானவாதம்: “இந்த வருஷம் மழை ஜாஸ்தி சார்.” இரண்டு, மாநகராட்சிவாதம்: “ரோட்டுல மழைநீர்க் கால்வாய் அடைச்சிக் கிடக்கு, நான் என்ன சார் பண்றது?” மூன்று, ஓனர்வாதம்: “ஓனர் என்ன சொன்னாரோ அதைத்தான் சார் செஞ்சேன்.”

முதல் இரண்டையும் பள்ளத்து வீட்டார் ஓரளவு ஒப்புக்கொண்டார். மூன்றாவதைக் கேட்டதும் கொதித்துப்போய் இணைப்பைத் துண்டித்தார். ரோமானியரும் லங்காஷயர் வழக்கும் கைகொடுக்கும் ஒரே வாதம் அதுதான். ஆனால் அதை ஏற்றால் மேட்டு வீட்டாரோடு பேச்சு நின்றுவிடும். ஊருக்குப் போகும்போது சாவியை யாரிடம் கொடுப்பது? கொலுவுக்கு யாரை அழைப்பது? காண்ட்ராக்டர் வாங்கும் தொகையில் செம்மண்ணுக்கும் புல்லுக்கும் போக மீதி, இரு வீட்டுக்கும் பொதுவாகத் திட்டு வாங்குவதற்கான கூலி என்று கொண்டால் அவருடைய பில் நியாயமாகவே தோன்றும்.

7. ஆராயப்பட்ட தீர்வுகள்

சுவரோரம் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, மழைநீர்த் தொட்டிக்குத் திருப்பினால் போதும். 2003 முதல் தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் மேட்டு வீட்டிலும் தொட்டி உண்டு. பிளான் அப்ரூவல் ஆனதும் அதன் மேல் மூடி போட்டு, மூடி மேல் பூந்தொட்டிகளை அடுக்கிவிட்டார்கள். ஆகவே இத்தீர்வு மலிவானது, எளிது, யாரும் செய்யாதது.

நடந்தது வேறு. தை பிறந்ததும் பள்ளத்து வீட்டார் தம் மனையை உயர்த்த முடிவு செய்தார். விசாரித்ததில், இப்பகுதியின் மண் வாகு தெரிந்தவர் அதே காண்ட்ராக்டர்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரையே வரவழைத்து, “அவங்களைவிட அரை அடி கூடவே இருக்கட்டும், தம்பி” என்றார். காண்ட்ராக்டர் ரசமட்டக் குழாயைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வாட்டத்தை மறுபக்கச் சுவருக்கு விட்டார்.

அந்தப் பக்கத்து வீட்டார் நேற்று மாலை மொட்டைமாடியில் இவ்வாய்வாளரைப் பார்த்து, “சார், அந்தக் காண்ட்ராக்டர் நம்பர் உங்ககிட்ட இருக்கா?” என்று கேட்டார். திட்டுவதற்கா, வேலைக்கா என்று அவர் சொல்லவில்லை. இரண்டுக்கும் நம்பர் ஒன்றுதான் என்பதால் கொடுத்தாயிற்று.