கால்குலேட்டர் வாங்குதல் – தொடர்பாக

பெறுநர்: தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், பொறியியல் கல்லூரி எதுவாயினும்.

பொருள்: தேர்வுகள் – பொறியியல் முதலாண்டு – சயின்டிஃபிக் கால்குலேட்டர் தெரிவு செய்தல் – தெளிவுரை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: ஹால் டிக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் உள்ள அறிவுரைகளில், கால்குலேட்டர் பற்றிய ஒற்றை வரி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலோடு சைன், காஸ், மடக்கை, அடுக்கு, மூலம் ஆகியவற்றையும் பொத்தானை அழுத்தியதும் தரும் கைக்கருவியே சயின்டிஃபிக் கால்குலேட்டர். சட்டைப்பையில் அடங்கிய இவ்வகை முதல் கருவி ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தின் எச்பி-35. 1972இல் அதன் விலை 395 டாலர். பொத்தான்கள் 35 என்பதால் அந்தப் பெயர். அதைவிடப் பல மடங்கு வல்ல கருவி இன்று கல்லூரி வாசலில் உள்ள ஸ்டேஷனரிக் கடையில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. எதை வாங்குவது என்று சொல்லக்கூடியவர்கள் மூவர்: ஹால் டிக்கெட், சீனியர், கடைக்காரர். ஹால் டிக்கெட் வாங்கக் கூடாததை மட்டும் சொல்கிறது. சீனியர் தான் வாங்கியதைச் சொல்கிறார், சில சமயம் அதையே விற்றும் விடுகிறார். கடைக்காரர் ஒருவர்தான் “எந்த டிபார்ட்மென்ட்?” என்று கேட்கிறார். தேர்வு அலுவலகங்களின் அறிவுரைகளில் இந்தக் கேள்வி காணப்படுவதில்லை.

பள்ளிக்கூடத்தில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே பொதுவாகக் கருவியே கிடையாது. தமிழ்நாட்டில் மேல்நிலை இயற்பியல், வேதியியல் தேர்வு எழுதுபவருக்கு நான்கு இலக்க மடக்கை அட்டவணை போதுமெனக் கருதப்பட்டுள்ளது. ஜான் நேப்பியர் 1614இல் வெளியிட்டு, ஹென்றி பிரிக்ஸ் பத்தை அடிமானமாக வைத்துச் சீர்செய்த முறை அது. கோள்களின் போக்கைக் கணக்கிட்ட கெப்ளருக்கே உதவியது என்பதால் அதன் தகுதியைக் குறை சொல்வதற்கில்லை. இதே மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் வழங்கும் திட்டத்தை மாநில அரசு 2011இல் தொடங்கியது. ஆக, வீட்டில் மேசைமேல் லேப்டாப், தேர்வறையில் மேசைமேல் கிளார்க்ஸ் டேபிள் என்ற அந்த மடக்கை அட்டவணை. நடுவில் உள்ள முந்நூற்றுச் சொச்சம் ஆண்டுகளைப் பள்ளிப் பேருந்து காலையும் மாலையும் கடந்துகொண்டிருந்தது. மத்திய வாரியத்தின் பொதுத்தேர்வு மாணவரும் பொதுவாகக் கையால்தான் பெருக்க வேண்டும். என்ஐடிகளுக்கான ஜேஇஇ மெயின் தேர்வில் 2025 நவம்பரில் ஒரு சிறு சலனம் ஏற்பட்டது. திரையில் கால்குலேட்டர் தரப்படும் என்று தகவல் கையேடு சொன்னது. அது இந்தத் தேர்வுக்குப் பொருந்தாது என்று தேசியத் தேர்வு முகமை அடுத்துத் தெளிவுபடுத்தியது. கால்குலேட்டர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

பன்னிரண்டாம் வகுப்புக்கும் முதல் செமஸ்டருக்கும் இடையில் ஒரு கோடை விடுமுறை இருக்கிறது. அட்டவணையில் மூன்றாம் இலக்கத்துக்கும் நான்காம் இலக்கத்துக்கும் நடுவே விரல் வைத்துத் தேடியவர், அந்த விடுமுறை முடிந்ததும் தொகையீடு போடும் கருவியோடு வகுப்பில் உட்கார வேண்டும். இடையில் கருவியைக் கற்பிக்கும் வகுப்பு எதுவும் பாடத்திட்டத்தில் இல்லை. பெட்டிக்குள் மடித்து வைத்த, பூதக்கண்ணாடி தேவைப்படும் கையேடு ஒன்று உண்டு. அது பெட்டியோடு போய்விடும்.

கடையில் பெரும்பாலும் காஸியோ கருவிகளே இருப்பதால் அவற்றை வைத்தே விளக்கலாம். அடிமட்டத்தில் உள்ளது எஃப்எக்ஸ்-82எம்எஸ். கோணவியல், மடக்கை, புள்ளியியல் எல்லாம் செய்யும். கலப்பெண், அணி, தொகையீடு மூன்றும் இல்லை. விலை குறைவு என்று இதை வாங்கிய மின்னியல் மாணவர், மாறுமின்னோட்டச் சுற்றுகள் தொடங்கியதும் வருந்துவார். அங்கே மின்மறுப்பு 3+4i என்று வரும்; அதை நீளம் 5, கோணம் 53.13 பாகை என்று மாற்ற வேண்டும். அப்படி வருவதைப் பெருக்கி, வகுத்து, திரும்ப மாற்ற வேண்டும். ஒரு வினாவில் பத்து முறை இதைக் கையால் செய்பவருக்கு மூன்று மணி நேரம் போதாது.

அடுத்தது 991எம்எஸ். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இந்த மூன்று இலக்கங்கள் கால்குலேட்டருக்கே பெயராகிவிட்டன. மூன்று மாறிகள் கொண்ட ஒருங்கமை சமன்பாடு, மூன்றுக்கு மூன்று அணி, வெக்டர், கலப்பெண், இரண்டடிமான எண், தொகையீடு, நாற்பது அறிவியல் மாறிலிகள், 401 செயல்பாடுகள் இதில் உண்டு. குறை என்னவென்றால் எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுத வேண்டும். பின்னத்துக்குள் பின்னம் வந்தால் அடைப்புக்குறிகளை எண்ணிக்கொண்டே போக வேண்டும். கலப்பெண் விடையிலும் மெய்ப்பகுதிதான் முதலில் தெரியும், கற்பனைப் பகுதிக்கு வேறு பொத்தானை அழுத்த வேண்டும். 991இஎஸ் பிளஸ் இந்தக் குறைகளைத் தீர்க்கிறது. பின்னமும் மூலமும் புத்தகத்தில் உள்ளபடியே திரையில் தெரியும். 12இன் வர்க்கமூலம் கேட்டால் 2√3 என்றே சொல்லும். தவறாக அடித்ததைக் கண்ணால் பார்த்துத் திருத்த முடிகிறது என்பதற்காகவே, முதலாண்டு மாணவருக்கு இதைத்தான் பரிந்துரைக்க வேண்டும். கடன் வாங்கியாவது வாங்கத் தக்க வித்தியாசம் இது. இதற்கும் மேலே 991இஎக்ஸ்: நான்கு மாறிகள், நான்குக்கு நான்கு அணி, ஒரு சிறு விரிதாள், 552 செயல்பாடுகள். திரையில் கியூஆர் குறி ஒன்றையும் உருவாக்கிக் காட்டும். அதைப் படிக்க மொபைல் வேண்டும், மொபைலோ தேர்வறை வாசலில் பைக்குள் கிடக்கும். அதன்பின் வந்த 991சிடபிள்யூ பொத்தான்களை இடம் மாற்றிவிட்டது. பின்னத்தைத் தசமமாக்க ஒரே அழுத்து போதும் என்றிருந்த வேலைக்கு இப்போது பட்டியலுக்குள் போய் வர வேண்டும். சீனியரின் விரல் நினைவை நம்பிக் கற்க விரும்புபவர் இதை வாங்காமலிருப்பது நல்லது.

பார்வையில் கண்ட ஒற்றை வரி இந்த வேறுபாடுகள் எதையும் கண்டுகொள்வதில்லை. அது கேட்பது ஒன்றே: நிரல் ஏற்ற முடியாத கருவியாக இருக்க வேண்டும். 1974இல் இந்த விதிக்குப் பொருள் இருந்திருக்கும். அந்த ஆண்டு வந்த எச்பி-65, நூறு படிகள் கொண்ட நிரலை ஏற்றுக்கொண்டு, காந்தப் பட்டையில் சேமித்தும் வைத்தது. மறு ஆண்டு அப்பல்லோ-சோயுஸ் பயணத்தில் விண்வெளிக்கும் போய் வந்தது. இன்று யாராவது அதை அருங்காட்சியகத்திலிருந்து எடுத்துவந்தால் அறைக் கண்காணிப்பாளர் வாசலிலேயே பறிமுதல் செய்வார். விதிப்படி அதுவே சரி. அந்தக் கருவியில் சமன்பாட்டைத் தீர்க்க நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். 991இல் எதுவும் எழுத வேண்டியதில்லை, தீர்க்கும் நிரலை ஆலையிலேயே ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். நிரல் எழுதத் தெரிந்த மாணவரைத் தடுத்து, எழுதத் தெரியாதவரை உள்ளே விடுவதே விதியின் நோக்கம் என்றால் அது முழுமையாக நிறைவேறியுள்ளது.

இன்னொரு நுட்பமும் உண்டு. 991இல் ஒரு சூத்திரத்தை உள்ளிட்டு கால்க் பொத்தானை அழுத்தினால் எக்ஸின் மதிப்பைக் கேட்கும். கொடுத்தால் விடை சொல்லும். மறுபடி அழுத்தினால் மறுபடி கேட்கும். ஆன்ஸ் பொத்தானைச் சேர்த்து ஒரு கோவையை எழுதிவிட்டு சமக்குறியை அழுத்திக்கொண்டே இருந்தால், முந்தைய விடையைத் தானே எடுத்துப்போட்டு அடுத்த விடையைத் தரும். இதெல்லாம் நிரல் ஆகாது என்பதே இதுவரை உள்ள நிலைப்பாடு. ஏ முதல் எஃப் வரை, எக்ஸ், ஒய், எம் என ஒன்பது நினைவிடங்களில் வைத்த எண்கள் கருவியை அணைத்தாலும் அழியா. ஒன்பது எண்களில் என்ன ரகசியத்தை ஒளித்துவிட முடியும் என்று கேட்கலாம். வெப்ப இயக்கவியல் தாள் எழுதியவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

எண்முறைகள் தாள் இவ்விஷயத்தில் தனிச் சிறப்புடையது. சிம்ப்சன் விதியைக் கொண்டு, இடைவெளியை ஆறாகப் பிரித்து, இந்தத் தொகையீட்டின் மதிப்பைக் காண்க என்று வினா வரும். மாணவர் ஒரு பக்கம் நிறைய அட்டவணை போட்டு விடை காண்பார். கையிலுள்ள 991எம்எஸ் தொகையீட்டுப் பொத்தானுக்குள்ளும் சிம்ப்சன் விதியே இயங்குகிறது, பிரிவுகள் மட்டும் அதிகம். நியூட்டன்-ராஃப்சன் முறையில் மூலம் காண்க என்பது அடுத்த வினா. கருவியின் சால்வ் பொத்தான் நியூட்டன் முறையில்தான் தேடுகிறது. ஆக, மாணவர் கையால் செய்வதையே கருவியும் செய்கிறது, அவரைவிட நுட்பமாக. முதலில் பொத்தானை அழுத்தி விடையைத் தெரிந்துகொண்டு, அதில் போய் முடியும்படி படிகளை எழுதுவது எல்லாரும் அறிந்த நடைமுறை. மதிப்பெண் படிகளுக்கு என்பதால் யாருக்கும் நட்டமில்லை. சமன்பாட்டின் தொடக்க மதிப்பைத் தவறாகக் கொடுத்தால் கருவி ஏன் வேறொரு மூலத்தில் போய் நிற்கிறது, சில சமயம் ஏன் விடை இல்லை என்கிறது என்பதே இந்தத் தாளில் கேட்கத் தக்க வினா. அது கேட்கப்படாததால், கருவி சொன்னது எதுவும் தவறாக இருக்க முடியாது என்ற நம்பிக்கை நாலாண்டும் காப்பாற்றப்படுகிறது.

அந்த நம்பிக்கைக்கு விலை கொடுக்கும் இடங்களைச் சுருக்கமாகக் குறிக்கலாம். சைன் 30 என்று அடித்தால், பாகையில் 0.5, ரேடியனில் −0.988, கிரேடியனில் 0.454. செங்கோணத்தை நூறாகப் பிரிக்கும் இந்தக் கிரேடியனை எந்தத் தாளிலும் காண முடியாது. ஆனாலும் முறைமாற்றும்போது பதற்றத்தில் விரல் அங்கேதான் போய் விழும். திரையின் மேலோரத்தில் ஒரு சிற்றெழுத்து அதைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கும். 6÷2(1+2) என்று பெருக்கல் குறியின்றி உள்ளிட்டால் 991இஎஸ் பிளஸ் 1 என்கிறது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-84 அதற்கே 9 என்கிறது. அந்நிறுவனத்தின் பழைய டிஐ-82, காஸியோவின் கட்சியில் இருந்தது. பிறகு நிறுவனம் மனம் மாறியது. நண்பரின் கருவியோடு விடையை ஒப்பிட்டுப் பார்த்து நிம்மதி அடைவோர், நண்பரும் அதே மாதிரியைத்தான் வாங்கியிருக்கிறார் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கருவியின் மூடி பற்றியும் விதி தெளிவாக இருக்க வேண்டும். கண்காணிப்பாளர்கள் மூடியைத் திருப்பிப் பார்ப்பது வழக்கம், பென்சிலில் சூத்திரம் எழுதியிருக்கலாம் என்பதால். 991இன் மூடிக்குள் மாறிலிகளின் பட்டியலை நிறுவனமே அச்சிட்டு ஒட்டியிருக்கிறது. பிளாங்க் மாறிலி அச்சில் இருந்தால் அறிவியல், பென்சிலில் இருந்தால் முறைகேடு. தேர்வறையில் ஒருவர் கருவியை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் உண்டு. மின்கலம் மட்டுமே கொண்ட 82எம்எஸ் வைத்திருப்பவருக்கு தேர்வின் நடுவே மின்கலம் தீர்ந்ததும் இந்த விதியின் முழு எடையும் தெரியவரும். சூரியத் தகடும் பட்டன் செல்லும் சேர்ந்த கருவியை வாங்கச் சொல்வதற்கு இதுவே போதிய காரணம்.

பட்டப்படிப்பு முடிந்து கேட் தேர்வுக்குப் போகிறவர், பழகிய கருவியை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். பத்தாண்டுக்கும் மேலாக அங்கே திரையில் தெரியும் கால்குலேட்டர்தான். ஒவ்வோர் எண்ணையும் மவுஸால் தேடிச் சொடுக்க வேண்டும். நாலாண்டில் விரல்கள் கற்றதெல்லாம் அந்த மூன்று மணி நேரத்தில் பயன்படா. இறுதியாண்டில் அதைப் பழகத் தொடங்காதவர் விடை தெரிந்தும் நேரத்தை இழப்பார்.

தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில் தேர்வு வாரியம் வேறு வழியில் போகிறது: எந்தெந்த மாதிரிகளைக் கொண்டுவரலாம் என்று பெயர் சொல்லிப் பட்டியல் வெளியிடுகிறது. அந்நாட்டுக்கென்றே எஃப்எக்ஸ்-96எஸ்ஜி பிளஸ் என்ற மாதிரியைக் காஸியோ தயாரிக்கிறது. வாங்குபவர் பட்டியலைப் பார்க்கிறார், கண்காணிப்பாளரும் அதையே பார்க்கிறார். இவ்வளவு எளிய ஏற்பாட்டில் வாசலில் நடக்கும் வாக்குவாதம், துறைத்தலைவருக்குப் போகும் தொலைபேசி, பத்து நிமிடத் தாமதம் ஆகிய மரபுகள் அழிந்துபோகும் என்பதை அலுவலகம் கவனத்தில் கொள்ளலாம்.

எனவே கீழ்க்காண்பவற்றுள் ஏதேனும் ஒன்றைச் செய்யுமாறு பணிவுடன் வேண்டப்படுகிறது. துறைவாரியாக, மாதிரியின் பெயரோடு ஒரு பட்டியலைச் சேர்க்கையின்போதே கையில் கொடுக்கலாம். கருவியைப் பழக முதல் வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம். அவை இயலாதெனில், கருவியால் விடை காண முடியாத வினாக்களைக் கேட்கலாம். அப்போது எந்தக் கருவியைக் கொண்டுவந்தாலும் கவலையில்லை. இவை எதுவும் இயலாதெனில், தற்போதைய வரியையே தொடர்ந்து அச்சிடலாம். எழுத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினால் போதும்.

தங்கள் உண்மையுள்ள,
அடுத்த ஆண்டு முதலாண்டில் சேரவிருப்போரின் பெற்றோர் சார்பில்.

நகல்: கல்லூரி வாசல் ஸ்டேஷனரிக் கடை உரிமையாளர் (தகவலுக்கும், உரிய நடவடிக்கைக்கும்).