கடலடிக் கூட்டுக்குடித்தனம்

கேள்வி: கடலில் பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறோம். ஒன்றுக்கொன்று ஒத்தாசையாக வாழும் உயிர்களும் உண்டா?
– வாசகி, இளையரசனேந்தல்

பதில்: தாராளமாக உண்டு! தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் எழுந்ததே அப்படித்தான். பவள உயிரியின் உடம்புக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. வெயிலில் உணவு சமைத்து, பெரும்பகுதியை வீட்டுக்காரருக்கே கொடுத்துவிடுகிறது. இப்படி வாடகை தரும் குடித்தனக்காரர் கரையில் கிடைக்கமாட்டார்!

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி, பவளத் திட்டுகளின் மணலில் வாழும் ஒருவகை இறாலும் கோபி மீனும். இறாலுக்குப் பார்வை மங்கல்; ஆனால் வளை தோண்டுவதில் கெட்டி. மீனுக்கோ கண் கூர்மை. வெளியே வந்தால் இறால் தன் உணர்கொம்பை மீன்மேல் வைத்தபடியே வேலை பார்க்கும். ஆபத்து என்றால் மீன் வாலை உதறும். அடுத்த நொடி இருவரும் உள்ளே! களவா மீனின் வாய்க்குள் புகுந்து ஒட்டுண்ணிகளைத் தின்றுவிட்டுப் பத்திரமாகத் திரும்பும் சின்ன மீனும் இருக்கிறது.

ஆனால் பவளத்தின் கூட்டுக்குடித்தனம் முறிவதும் உண்டு. கடல்நீர் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி சூடானால், பவளம் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப் பட்டினி கிடக்கும். 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் அதுதான் நடந்தது; வெளுத்த பவளங்களில் ஒரு பகுதி மீளவே இல்லை.