54 பேர் சேர்ந்து குத்தினால் ஒருவர் விழுவார்: ஒரு மனு

அனுப்புநர்:
ஃபயர் வாரியர்கள் (பிளாஸ்டிக்),
டாவ் பேரரசு,
மேசையின் பின்வரிசை.

பெறுநர்:
விதி எழுதும் பிரிவினர்,
கேம்ஸ் வொர்க்‌ஷாப்,
லென்டன், நாட்டிங்காம்.

பொருள்: வார்ஹாமர் 40,000 என்னும் மேசைப் போர் ஆட்டத்தில் கைகலப்பு பலத்தைச் சமன் செய்வது தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

மேற்படி மேசையில் நாங்கள் 2001 முதல் குடியிருந்து வருகிறோம். நாங்களாக யாருடைய சட்டையையும் பிடித்ததில்லை. பிடிக்கக் கை போதாது என்பதே காரணம். அதைப் பற்றித்தான் இந்த மனு.

தங்கள் அலுவலகம் எங்களுக்கு ஒதுக்கியிருக்கும் கைவலிமையை முதலில் பதிவு செய்துவிடுகிறோம். 2023-ல் வந்த பத்தாம் பதிப்பின்படி எங்களுக்கு ஆளுக்கு ஒரு குத்து. பகடையில் 5 அல்லது 6 விழுந்தால்தான் அது படும். எதிரே நிற்பவர் சாதாரண ஸ்பேஸ் மரீன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பட்ட குத்து காயமாக இன்னொரு தடவை 5 அல்லது 6 விழ வேண்டும். அப்புறமும் மூன்றுக்கு இரண்டு தடவை அவருடைய கவசம் காப்பாற்றிவிடும். ஆக, 27 குத்துக்கு ஒரு காயம். அவரோ இரண்டு காயம் தாங்குகிறவர். எனவே சராசரியாக எங்களில் 54 பேர் குத்தினால் ஒரு மரீன் விழுவார். அவரைச் சுற்றி 54 பேர் நிற்க இடம் கிடையாது என்பது எங்கள் காலடியில் தாங்கள் தந்த வட்டத் தட்டுகளை அளந்தாலே தெரியும்.

அவர் திருப்பித் தருவது மூன்று குத்து. மூன்று மரீன்கள் போகிற போக்கில் எங்களில் இருவரைச் சாய்த்துவிடுவார்கள். இத்தனைக்கும் அவர்கள் துப்பாக்கிக்காரர்கள், குத்துவது உபதொழில். அதையே முழுநேர வேலையாக வைத்திருக்கும் ஓர்க்குகள், கோர்னின் பெர்சர்க்கர்கள் வந்தால் என்ன ஆகும் என்பதை மனுவில் எழுதி நேரத்தை வீணாக்க விரும்பவில்லை.

எங்களிடம் கத்தியே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. கோடெக்ஸ் என்னும் எங்கள் பழைய விதிநூலில் காசு வாங்கிக்கொண்டு, அதாவது புள்ளி வாங்கிக்கொண்டு, ஒரு கத்தி தந்தீர்கள். அது தோழர்கள் தங்களுக்குள் உறுதிமொழி எடுக்கும் சடங்குக் கத்தி. எதிரி கோடரியோடு பாய்ந்து வரும்போது எங்களுக்குள் நட்பு பலப்படும், வேறொன்றும் நடக்காது. நிஜமாகவே வாளைக் கையிலெடுத்தவர் எங்கள் இனத்தில் கமாண்டர் ஃபார்சைட். அவரைத் துரோகி என்று கதை எழுதித் தனி நாடு போக வைத்தீர்கள். குத்துச்சண்டைக்குத் துணையாக க்ரூட் இனத்தாரை அனுப்பினீர்கள், நன்றி. செத்தவர்களைத் தின்னும் வழக்கமுள்ள கூலிப்படையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு எங்களால் முழுக்கவனத்தோடு சுட முடியவில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம்.

பழைய பதிப்புகளில் இருவருடைய கைத்திறனையும் ஒப்பிடும் அட்டவணை ஒன்று இருந்தது. எங்களுக்கு 2, மரீனுக்கு 4. இருமடங்கைத் தாண்டினால்தான் 5 தேவை என்பதால், 4 விழுந்தாலே எங்கள் குத்து பட்டுக்கொண்டிருந்தது. ஆனால் வேகத்தில் நாங்கள் 2, அவர் 4. எங்கள் முறை வருவதற்குள் கூட்டத்தில் பாதி காலி. தோற்று ஓடினால் துரத்திப் பிடித்து மொத்தக் குழுவையும் மேசையிலிருந்து எடுத்துவிடுவார்கள். 2017-ல் எட்டாம் பதிப்பு வந்தது. அட்டவணை போனது, வேகம் போனது, துரத்தலும் போனது. கைகலப்பிலிருந்து நாங்கள் சும்மா பின்வாங்கலாம், திறந்த வெளியில் தனியாக நிற்கிற எதிரியைப் பக்கத்துக் குழுக்கள் சுட்டுத் தள்ளலாம் என்று ஆனது. எங்களுக்கு அது பொற்காலம். ஓர்க் தரப்பிலிருந்து அப்போது தங்களுக்கு மனு வந்திருக்கும். அவர்களுடைய கையெழுத்தைப் படிக்க முடிந்ததா தெரியவில்லை.

2020-ல் மேசை சுருங்கியது. 72-க்கு 48 அங்குலமாக இருந்தது 60-க்கு 44 ஆனது. நடுவில் எல் வடிவத்தில் இடிந்த சுவர்கள். எங்கள் துப்பாக்கி 30 அங்குலம் பாயும், மறுக்கவில்லை. சுவருக்குப் பின்னால் நிற்பவனைப் பார்க்க முடிந்தால் அல்லவா பாய? காலாட்படைக்கோ அதே சுவர் வழியாக உள்ளே புகுந்து வர அனுமதி உண்டு.

இனிமேல்தான் மனுவின் சாரம். எங்கள் வெற்றி விகிதம் 45-க்கும் 55 சதவீதத்துக்கும் நடுவில் இருந்தால் எல்லாம் நலம் என்பது தங்கள் கொள்கை. அந்த 50 எப்படி விளைகிறது என்று ஒரு நாள் மேசையருகே வந்து பாருங்கள். வானத்திலிருந்து குதிக்கும் படை எங்களிடமிருந்து 9 அங்குலத்துக்கு அப்பால்தான் இறங்க வேண்டும். பாய்ந்து வந்து பிடிக்க இரண்டு பகடையில் குறைந்தது 9 வேண்டும். 36-ல் 10 வாய்ப்பு. உருட்டுபவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உருட்டுகிறார். 8 விழுந்தால், அவர் மாதக்கணக்கில் வர்ணம் பூசிய வீரர்கள் எங்கள் மூக்குக்கு முன்னால் சும்மா நிற்பார்கள். அடுத்த முறை நாங்கள் சுடுவோம், அவர் ஒவ்வொருவராகப் பெட்டியில் எடுத்து வைப்பார். 9 விழுந்தால் பெட்டியைத் திறப்பது எங்களை நகர்த்தும் எஜமானர். வருகிறவர்களை வழியிலேயே சுடலாமே என்றால், அதற்கு 6 விழுந்தால்தான் படும் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள்.

எப்படி விழுந்தாலும் ஒருவருடைய ஆட்டம் பாதியில் முடிந்துபோகிறது. ஒரு நாள் உப்பே போடாமலும் மறுநாள் இரண்டு பங்கு போட்டும் சமைத்துவிட்டு, சராசரியில் உப்பு சரி என்று தங்கள் பதிவேடு சொல்கிறது.

குறை சொன்னால் தங்கள் கைவசம் இருக்கும் மருந்து புள்ளிக் குறைப்பு. தயவுசெய்து வேண்டாம். விலை குறைந்தால் எங்கள் எண்ணிக்கை கூடும். அந்த 54 பேரைச் சேர்க்கப் பத்துப் பேர் பெட்டியில் ஆறு வாங்க வேண்டும். பசை ஒட்டி, பிரைமர் அடித்து, தலைக்கவசக் கண்ணாடிக்கு இரண்டே மயிர் உள்ள தூரிகையால் சிவப்பு வைக்கிற எங்கள் எஜமானர் இப்போதே கழுத்து வலியில் இருக்கிறார். அத்தனையும் முடிந்த பிறகு விழப்போவது ஒரே ஒரு மரீன்.

எங்களுக்கும் ஓர்க்குக்கும் ஒரே முஷ்டி கொடுங்கள் என்றும் கேட்கவில்லை. அப்படிச் செய்வதானால் வீரர்களைக் கறுப்பு, வெள்ளை என்று இரண்டே நிறத்தில் விற்றுவிடலாம். கைகலப்பு நாகரிகமற்றது என்று எங்களுக்குச் சொல்லி வளர்த்தவர்கள் தாங்கள்தான். அதை நம்பிக்கொண்டே சாகிறோம். நாங்கள் கேட்பது, பாய்ந்து வருபவன் பாதித் தூரத்தில் நின்றுபோனாலும் அவனுக்கு ஏதாவது கிடைக்கட்டும். வந்து சேர்ந்தாலும் எங்களில் கொஞ்சப் பேர் மிஞ்சட்டும். ஐந்தாம் சுற்றில் முடிய வேண்டிய ஆட்டத்தை இரண்டாம் சுற்றில் ஒற்றை உருட்டலிடம் ஒப்படைக்காதீர்கள். அடுத்த சமநிலைத் தாளில் வெற்றி விகிதத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, ஆட்டம் எத்தனையாவது சுற்றில் செத்தது என்பதையும் எழுதுங்கள்.

விசாரணைக்கு அதிகாரி யாரையாவது அனுப்புவதாக இருந்தால், 12 அங்குலத்துக்கு அப்பாலேயே நின்று பேசச் சொல்லவும். அதற்குள் வருகிறவர்கள் வழக்கமாக எங்களிடம் பேசுவதற்காக வருவதில்லை. பையன்கள் பதற்றத்தில் சுட்டுவிடுவார்கள். படாது என்றாலும், மரியாதையாக இருக்காது.

இப்படிக்கு,
பின்வரிசையில் மிஞ்சியிருப்போர்