மூவால் நாயும் ஒரு ரேவா காரும்: பாடபேத ஆராய்ச்சி

பெங்களூரு அல்சூரில், வீட்டு வாசலில் நிற்கும் சிவப்பு ரேவா ஒன்றை எச்.டி.ஆர். முறையில் படமெடுப்பதே இவ்வாய்வின் பொருள். ரேவா 2001-ல் இவ்வூரிலேயே தயாராகி விற்பனைக்கு வந்த மின்சாரக் கார், இரண்டே கதவு. உலகில் வேறு காரே இல்லையா என்பார்க்கு: அடுத்த வீட்டுக்காரர் விற்க நினைத்தது இதைத்தான், விளம்பரத்துக்குப் படம் கேட்டார் என்க.

பொழுது: எற்பாடு. எல்லாகிய சூரியன் படுவது எழுவதா விழுவதா என்று புலவர்கள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். பானெட்டின் மேல் இரண்டும் ஒரே மஞ்சள்தான். ஒருவராவது எழுந்து வாசலுக்கு வந்து பார்த்திருக்கலாம்.

கருவி: முக்காலி.

நெறி: வானத்துக்கு ஏற்ப எடுத்தால் டயர் கரிக்கட்டை, டயருக்கு ஏற்ப எடுத்தால் வானம் வெறும் சுண்ணாம்பு. ஆகவே மைனஸ் 2, சுழி, பிளஸ் 2 என மூன்று படம் எடுத்துச் சேர்க்க வேண்டும். ஒரு ஸ்டாப்புக்கு வெளிச்சம் இரட்டிப்பதால் முதலுக்கும் கடைசிக்கும் 16 மடங்கு வேறுபாடு (என் மைத்துனர், வாய்மொழி; அவர் 8 என்றார்). 1850-களிலேயே பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரு நெகடிவ்களை ஒட்டினார். 1997-ல் பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் இதைக் கணக்கில் கட்டினார்கள். அல்சூர்த் தெருநாய் பற்றி மூவருமே வாய் திறக்கவில்லை.

இனி நாய். முதல் படத்தில் அதன் வால் இடப்பக்கம், இரண்டாவதில் நட்டுக்க நிற்கிறது, மூன்றாவதில் வலப்பக்கம். மென்பொருள் சேர்த்த படத்தில் ஓர் உடல், மூன்று வால், வால்களின் ஊடே நம்பர் பிளேட். படக்காரர்கள் இதைப் பேய் என்று சொல்லி அழித்துவிடுவார்கள். அறியாமை. மூன்று படமும் மூன்று ஏட்டுச்சுவடி, வால்கள் பாடபேதம். எந்த ஏட்டிலும் இல்லாத நாய் செம்பதிப்பில் வந்து நிற்பது நம் பதிப்புலகம் காணாததா?

நாய் மூலம், வால் பிற்காலச் சேர்க்கை என்பது ஒரு சாரார் கருத்து (மாடிவீட்டு மாமி, மொட்டைமாடி உரை, வடாம் பிழியும் படலம்). மூன்று நாய்கள், உடல்தான் இடைச்செருகல் என்பார் மறுசாரார் (பால்காரர், வாசற்படிச் சொற்பொழிவு, இரண்டாம் பாக்கெட், நுரை நீக்கிய பதிப்பு; மறுப்புக்குக் காண்க: என் மனைவி, மேற்படி வாசல், காபி ஆறுவதற்குள்). நாயையே விசாரிக்கலாம் என்ற என் முன்மொழிவை இரு சாராரும் ஆய்வு நெறிக்குப் புறம்பானது என்று தள்ளினர்.

முடிவுக்கு அவசரமில்லை. இதே வட்டாரத்தில் ஏரிக்கரைப் பக்கம் வள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடிக்கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-ல்தான் வெளிச்சம் கண்டது. என் மூன்று படமும் சேர்ந்து ஒரு நொடிகூட ஆகவில்லை.

விளம்பரம் வெளிவந்தது. இதுவரை ஒரே ஒருவர் போன் செய்தார். நாயும் சேர்த்தா விலை என்று கேட்டார்.