ஆசைக்கு 15,000, தேர்தலுக்கு 10,000

தேர்தலுக்கு ஓராண்டு முன்பே எங்கள் பக்கத்துச் சுவர்களுக்கு சீட் கிடைத்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற சாலையில் ஒரு நல்ல சுவர் கண்ணில் பட்டால் போதும், சுண்ணாம்பு காய்வதற்குள் மூலையில் கட்சிப் பெயரைக் கிறுக்கி 'ரிசர்வ்' போட்டுவிடுவார்கள். அப்புறம் சின்னம் வரும். சின்னத்துக்குக் கீழே ஒரு முழ இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் பெயிண்டர் டீ குடிக்கப் போய்விடுவார். அந்த இடம் வேட்பாளர் பெயருக்கு. யார் பெயர் என்று அவருக்கும் தெரியாது, சுவர்க்காரருக்கும் தெரியாது, தொகுதியின் இரண்டு லட்சத்துச் சொச்சம் வாக்காளர்களுக்கும் தெரியாது. சென்னையிலிருந்து போன் வர வேண்டும்.

போன் வரும்வரை நடக்கிற கூத்துக்குப் பெயர் 'விருப்ப மனு'. சட்டமன்றத் தேர்தலில் நிற்பதற்குத் தேர்தல் ஆணையம் கேட்கிற டெபாசிட் 10,000 ரூபாய். ஆறில் ஒரு பங்கு ஓட்டு வாங்கினால் அதுவும் திரும்பி வரும். 2021-ல் அ.தி.மு.க.விடம் 'நிற்க ஆசைப்படுகிறேன்' என்று சொல்ல மட்டும் 15,000. தி.மு.க.வில் பொதுத் தொகுதிக்கு 25,000. நிற்பதைவிட ஆசைப்படுவதற்கு விலை அதிகம்! புத்தர் ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்றார். நம் கட்சிகள் அதற்கு ரசீதும் போட்டுக் கொடுக்கின்றன.

அந்த ஆண்டு மார்ச் 4-ம் தேதி, அ.தி.மு.க.வில் மனுப் போட்ட எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ராயப்பேட்டைத் தலைமை அலுவலகத்தில் ஒரே நாளில் நேர்காணல். கணக்குப் போட்டுப் பாருங்கள். சோறு தண்ணி இல்லாமல் இருபத்து நாலு மணி நேரமும் ஆள்மாற்றி ஆள் கூப்பிட்டாலும் தலைக்கு பதினோரு விநாடி வராது. கோயில் தர்ம தரிசன வரிசையில்கூட 'நகருங்க, நகருங்க' என்று தள்ளுவதற்கு முன் அதைவிடக் கூடுதல் நேரம் கிடைக்கும். மறுநாளே முதல் பட்டியலும் வந்துவிட்டது. ரிசல்ட் எழுதிய பிறகு பரீட்சை வைப்பதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை.

மனுப் போட்டவர் கதை இது. மனுப் போடாமலே உழைத்தவர் கதையும் இதே ராஜபாளையத்தில் நடந்தது. நடிகை கௌதமியை பா.ஜ.க. தொகுதிப் பொறுப்பாளராக்கியது. அவரும் மாதக்கணக்கில் தெருத்தெருவாக வந்தார், கும்பிட்டார், ஜனங்களிடம் குறைதீர் மனுக்களை வாங்கினார். மார்ச் 10-ல் அ.தி.மு.க. பட்டியல் வந்தது. ராஜபாளையத்துக்கு நேராக, சிவகாசியில் பத்தாண்டு எம்.எல்.ஏ.வாக இருந்த அமைச்சர் கே.டி.ராஜேந்திர பாலாஜியின் பெயர். மோடியை 'எங்கள் டாடி' என்று கொண்டாடியவர். டாடி கட்சி வளர்த்த தொகுதி பிள்ளைக்குப் போனது. இதற்குப் பெயர் கூட்டணி தர்மம். தர்மம் என்ற சொல் தமிழில் இவ்வளவு அடி வாங்கியது வேறெங்கும் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அடுப்பைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கொதிக்கிற பாலை விடாமல் கிண்ட வேண்டும்; கை ஓய்ந்தால் அடிப்பிடித்துவிடும். இங்கே பல மாதம் வேர்க்க வேர்க்கக் கிண்டியவர் ஒருவர். பதம் வருகிற நேரத்தில் சட்டியை இறக்கிக்கொண்டு போனவர் பால்வளத் துறை அமைச்சர்! சட்டி அவர் கையிலும் தங்கவில்லை. நாலாயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தி.மு.க.வின் தங்கப்பாண்டியனிடம் தோற்றார்.

அப்புறம்? 2023 அக்டோபரில், சீட் தருவதாகச் சொல்லிக் கடைசி நேரத்தில் மறுத்ததையும் ஒரு குறையாக எழுதிவைத்துவிட்டு, கௌதமி பா.ஜ.க.விலிருந்து விலகினார். 2024 பிப்ரவரியில் எங்கே சேர்ந்தார்? அந்தத் தொகுதியை எடுத்துக்கொண்ட அதே அ.தி.மு.க.வில். 2025 ஏப்ரலில் அ.தி.மு.க. மறுபடி யாரோடு கைகோத்தது? அதே பா.ஜ.க.வோடு. வீடு மாறிப் போனவரின் பின்னாலேயே பழைய வீடும் நடந்து வந்துவிட்டது.

சீட் போனவருக்காக நான் அழவில்லை. என் கோபம் வேறு. ராஜபாளையத்துக்காரரான பி.எஸ்.குமாரசாமி ராஜா சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தவர். சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்காக ஊருக்குக் கொடுத்தவர். அப்பேர்ப்பட்டவர் 1952 தேர்தலில், பதவியில் இருக்கும்போதே, ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். தோற்கடித்தது எந்தத் தலைமையும் அல்ல, இந்த ஊர் ஜனம். வீட்டைக் கொடுத்தவரையே 'வேண்டாம்' என்று சொல்ல இந்த மண்ணுக்கு அன்றைக்கு உரிமை இருந்தது. கௌதமியை ஜெயிக்க வைப்பதை விடுங்கள், தோற்கடிக்கும் உரிமையைக்கூட நமக்கு யாரும் தரவில்லை. நம் ஓட்டை நமக்கு முன்பே யாரோ போட்டுவிட்டார்கள். கள்ள ஓட்டு என்றால் பிடிக்கலாம்; இது தலைமைக் கழக ஓட்டு!

அமெரிக்காவில் கட்சி வேட்பாளர் யாரென்று தீர்மானிக்கவே தனியாக ஓட்டெடுப்பு உண்டு. 2018-ல் நியூயார்க்கில், மதுக்கூடத்தில் பரிமாறிக்கொண்டிருந்த அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்ட்டெஸ், பத்து முறை ஜெயித்த ஜோ கிரௌலியை அவர் கட்சிக்குள்ளேயே வீழ்த்தினார். அங்கேயும் பணம் விளையாடுகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கேள்வியாவது கேட்கிறார்கள். இங்கே எல்லாம் 'பி' படிவத்தில் அடக்கம். அந்தத் தாளில் தலைமையின் கையெழுத்து விழுந்தால்தான் சின்னம். இருபது வருடம் போஸ்டர் ஒட்டி, கைவிரலில் பசை காயாத கிளைச் செயலாளரிடம் ஒரு வார்த்தை கேட்க அந்தத் தாளில் இடமில்லை. அவர் சொல்ல வேண்டிய வசனமும் தயார்: 'தலைமை யாரை நிறுத்தினாலும் பாடுபடுவோம்.' ராஜபாளையம் வட்டாரத்துத் தறிகள் நாட்டுக்கெல்லாம் பேண்டேஜ் துணி நெய்கின்றன. உள்ளூர்க் கட்சிக்காரனின் காயத்துக்குக் கட்டுகிற அளவுக்கு அகலமான துணியை யாரும் இன்னும் நெய்யவில்லை.

குற்றம் தலைமைகள் மேல் மட்டுமா? யார் வந்து இறங்கினாலும் ஆரத்தித் தட்டோடு நிற்கிறோமே, நாம்?

ஒருநாள் போன் வரும். பெயிண்டர் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு, காலி இடத்துக்கு முன்னால் நின்று கேட்பார்: "அண்ணாச்சி, வேட்பாளருக்கு இனிஷியல் என்ன?"

இருபது வருஷக் கிளைச் செயலாளர் தலையைச் சொறிவார். "தெரியலையேப்பா. இரு, மெட்ராசுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்றேன்."