அம்மாவின் கறிவேப்பிலைக்கு எவ்வளவு வெளிச்சம்?

தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் கறிவேப்பிலைக் கன்று வளர்த்த வீடுகளுக்குப் பனிக்காலம் என்றாலே கவலைதான். குளிர் இறுகுமுன் தொட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிடுவோம். டிசம்பரில் ரொறன்ரோவின் பகல் ஏறத்தாழ 9 மணித்தியாலம். அதிலும் பல நாள் மேகம் மூடியிருக்கும். அதனால் யன்னலுக்கு மேலே 40 வாட் ரியூப் லைற் ஒன்றைப் பூட்டியிருந்தோம்.

அந்த நாளில் விளக்கு வாங்கும்போது எல்லாரும் கேட்டது ஒன்றே ஒன்று: எத்தனை வாட்? அறை பளிச்சென்று இருந்தால் செடிக்கும் போதும் என்பதே கணக்கு. பெப்ரவரியில் இலைகள் மஞ்சளாகி உதிரும். "வீடு முழுக்க வெளிச்சமாத்தானே கிடக்கு பிள்ளை, பிறகேன் இலை கொட்டுது?" என்று அம்மா கேட்பார்.

அதற்கான விடை அப்போதே இருந்தது. எந்த நிற ஒளியில் இலை எவ்வளவு ஒளிச்சேர்க்கை செய்கிறது என்பதை 22 வகைப் பயிர்களில் அளந்து, கீத் மெக்ரீ என்ற ஆய்வாளர் 1972இலேயே வெளியிட்டிருந்தார். கண் பச்சையைத்தான் கூடுதலாக உணரும். மங்கிய அறையிலும் பாவையை விரித்துச் சமாளித்துக்கொள்ளும். இலைக்கு அந்த வசதி இல்லை. 400 முதல் 700 நானோமீற்றர் வரை அலைநீளமுள்ள ஒளித்துகள்கள் ஒரு சதுர மீற்றரில் நொடிக்கு எத்தனை விழுகின்றன என்பதே அதற்குச் சாப்பாடு. அந்த எண்ணிக்கையை மைக்ரோமோலில் சொல்வார்கள். அளக்கும் மானி ஆய்வுகூடங்களில் இருந்தது; எங்கள் குசினி வரை வரவில்லை.

இப்போது என் கன்றுக்கு மேலே வெள்ளை எல்ஈடி விளக்கு தொங்குகிறது. ஒளி அளக்கும் செயலியோடு கைபேசியை இலை மட்டத்தில் பிடித்தால், கண்ணுக்கான வெளிச்ச அளவான லக்ஸ் தெரிகிறது. வெள்ளை எல்ஈடி என்றால் அதை 70ஆல் வகுக்க, ஏறத்தாழ மைக்ரோமோல் கிடைக்கும். கண்ணுக்குத் தாராளமான 300 லக்ஸ் வரவேற்பறை, இலைக்கு வெறும் 4 மைக்ரோமோல்தான். விளக்கைத் தாழ்த்தி 14,000 லக்ஸ் வரச் செய்தால் 200. ரைமர் வைத்து 14 மணித்தியாலம் எரியவிட்டால் நாளுக்கு 10 மோல் சேரும். அந்த அளவில் என் கன்று ஜனவரியிலும் துளிர்க்கிறது. தாளிதத்துக்கு இலை கிள்ளும்போதெல்லாம் அம்மா கேட்டது எவ்வளவு நல்ல கேள்வி என்று நினைத்துக்கொள்வேன்.

விளக்கு வாங்கப் போகிறவர்களிடம் ஒன்று வேண்டிக்கொள்கிறேன். வாட் மின்கட்டணத்துக்கான கணக்கு. எந்த உயரத்தில் எத்தனை மைக்ரோமோல் என்று பாருங்கள். செடிக்கென்று பச்சை கலக்காமல் விற்கும் ஊதா விளக்கைத் தேடி அலைய வேண்டாம். பச்சை ஒளியும் இலைக்குப் பயன்படுகிறது என்று மெக்ரீ காட்டியிருக்கிறார், வெள்ளையே போதும். வீட்டுக்கு வந்ததும் இலை மட்டத்தில் நீங்களே அளந்து பாருங்கள். வெயில் நாட்டு மரத்தைப் பனி நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் நாங்கள். அதன் வெயிலை எண்ணிக் கொடுப்பது எங்கள் கடமை.