ஆலிவ் எண்ணெய்ப் பெரியப்பா

ஆலிவ் எண்ணெய்ப் பெரியப்பா என்பவர் பல்லடம்–தாராபுரம் சாலையில், குண்டடத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் காணப்படும் வகையினர். அறுபது தாண்டியவர். வீட்டைச் சுற்றித் தென்னந்தோப்பு. வண்டியேறினால் காங்கேயத்துக் கொப்பரைக் களங்கள். ஆனால் அவர் நம்புவது ஸ்பெயின் எண்ணெயை. பனியன் கம்பெனிக்குப் போகும் மகன் திருப்பூரில் வாங்கி வந்த முதல் பாட்டிலோடு இந்த நம்பிக்கை தொடங்கும்.

பாட்டில் பெரும்பாலும் 'போமேஸ்' வகை. பிழிந்து முடித்த ஆலிவ் சக்கையில் மிஞ்சியதைக் கரைப்பான் ஊற்றிப் பிரித்து, சுத்திகரித்து, கொஞ்சம் நல்ல எண்ணெய் கலந்து விற்பது. சொந்தத் தேங்காய்ப் புண்ணாக்கை மாட்டுத் தொட்டியில் கரைப்பவர், அயல்நாட்டுப் புண்ணாக்கின் எண்ணெயைச் சாமி அறையில் வைத்திருப்பார்.

கிறீச்சிடும் கதவுக் கீல், புது எவர்சில்வரில் ஒட்டிய லேபிள் பசை, பலாப்பழம் அறுத்த கை, வெடித்த குதிகால் எல்லாவற்றுக்கும் அதுதான். பலிக்கவும் செய்யும். தேங்காய் எண்ணெயிலும் பலிக்கும் என்று மட்டும் அவரிடம் சொல்லக்கூடாது. தையல் மிஷின் கதை வேறு. ஓவர்லாக் மிஷினுக்குக் கனிம எண்ணெய்தான் சரி. தாவர எண்ணெய் காற்றுப் பட்டுப் பிசினாகிவிடும். மிஷின் இறுகி, வெள்ளைத் துணியில் கறை விழுந்து, செக்கிங்கில் பீஸ் திரும்பி வந்த பிறகும், "மிஷின் பழசு அம்மிணி" என்பார் மருமகளிடம்.

புதுமாப்பிள்ளையைக் கண்டால் குரல் இறங்கும். "ஒரு பாட்டில் கட்டிலோரம் இருக்கோணுமுங்க மாப்ள." வழுவழுப்புக்கு எண்ணெய் உதவும் என்பது உண்மை. லேடெக்ஸ் ஆணுறையைச் சில நிமிடங்களில் நலிவாக்கிக் கிழியவிடும் என்பதும் உண்மை. அது பெரியப்பாவுக்குத் தெரியாது. குழந்தையைத் தள்ளிப்போட நினைத்த தம்பதிக்குக் குழந்தை பிறந்தால், அந்தப் பெருமையையும் எண்ணெயின் கணக்கிலேயே எழுதிக்கொள்வார்.

பிள்ளையில்லாத வீட்டில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி. கரண்டி எப்போதும் பெண்ணுக்கே. விந்துப் பரிசோதனை என்று யாராவது பேச்செடுத்தால் பெரியப்பாவுக்குத் தோப்பில் வேலை வந்துவிடும். எண்ணெய் குடித்தால் கரு நிற்கும் என்பதற்குச் சான்றில்லை. போதாததற்கு, கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில், ஆலிவ் எண்ணெயில் சாம்பிராணி குழைத்துப் பெண்கள் பூசிக்கொள்வதைக் கரு உண்டாகாமலிருக்கும் வழியாகக் குறித்து வைத்திருக்கிறார்.

சனிக்கிழமை பெரியப்பா தம் தலையில் வைப்பதும், தேய்பிறை அஷ்டமியில் குண்டடம் பைரவருக்கு விளக்கேற்றுவதும் நல்லெண்ணெயில்தான். காரணம் கேட்டால், "அதுல எல்லாம் விளையாடக் கூடாதுங்க" என்பார்.